மாணவர் செயல்பாடு என்ற அந்தக் கட்டம்

2019 ஜூனில் கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். பி.எட். முடித்த கையோடு கிடைத்த வேலை. அந்த வருடம்தான் ஏழாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்திருந்தது. பொதுவாகப் புதிதாகச் சேருகிறவர்கள் மூத்த ஆசிரியர்களிடம் போன வருட நோட்ஸ் ஆஃப் லெசனை, அதாவது பாடத் திட்டம் எழுதுகிற நோட்டை, வாங்கிப் பார்த்து எழுதுவார்கள். எனக்கு அதற்கு வழியில்லாமல் போயிற்று. இருபது வருடம் பாடம் நடத்தியவர்களும் என்னோடு உட்கார்ந்து புதிதாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாடம் அளவீட்டியல். அதில் அடர்த்தி வருகிறது. கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முறைப்படி அந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஆறு பக்கத்துக்குப் பாடத் திட்டம் எழுதினேன். பொது நோக்கம், சிறப்பு நோக்கம், உள்ளடக்கம், ஆசிரியர் செயல்பாடு, மாணவர் செயல்பாடு, துணைக்கருவி, மதிப்பீடு என்று அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, இரண்டு நிற மையில் எழுதி முடிக்க ஒரு ராத்திரி முழுக்க ஆயிற்று.

மறுநாள் கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் சின்ன பாட்டிலில் விளக்கெண்ணெயும் எடுத்துக்கொண்டு போனேன். "இந்த எண்ணெயைத் தண்ணில ஊத்துனா என்ன ஆகும்?" என்று கேட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "எண்ணெய் கெட்டியா இருக்கு டீச்சர். அடர்த்தி ஜாஸ்தி. அடியில போயிரும்" என்றான். ஊற்றினேன். எண்ணெய் மிதந்தது. "பாத்தீங்களா, எண்ணெயோட அடர்த்தி கம்மி. அதான் மிதக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். என் திட்டத்தில் மாணவர் செயல்பாடு என்ற கட்டத்தில், "மாணவர்கள் உற்றுநோக்கி, எண்ணெயின் அடர்த்தி நீரைவிடக் குறைவு எனக் கூறுவர்" என்று எழுதியிருந்தேன். அந்தப் பையன் சொன்ன பதிலுக்கு என் ஆறு பக்கத்தில் எங்கேயும் இடமில்லை.

அடுத்த வாரம் சின்னதாக ஒரு தேர்வு வைத்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் விளக்கெண்ணெய்தான் அடர்த்தி அதிகம் என்று எழுதியிருந்தார்கள். கண்ணெதிரே மிதந்ததைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள்.

அன்று ராத்திரி பி.எட். படிக்கும்போது எழுதிய பாடத் திட்டங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொன்றிலும் மாணவர் செயல்பாட்டுக் கட்டத்தில் பிள்ளைகள் சரியான விடையைச் சொல்கிறார்கள். ஒரு திட்டத்தில்கூட ஒரு பிள்ளையும் தப்பாகச் சொல்லவில்லை. அந்தப் பையன் யோசித்ததில் தவறே கிடையாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அடர்ந்த காடு என்கிறோம், அடர்த்தியான முடி என்கிறோம். நெருக்கமாக, திக்காக இருப்பதுதான் அவன் பேசுகிற தமிழில் அடர்த்தி. அவன் தன் மொழியை வைத்துச் சரியாகத்தான் ஊகித்திருக்கிறான். அவனுடைய சொல்லுக்கும் அறிவியலின் சொல்லுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை நான் பார்க்கவில்லை.

எனக்கு ஏற்ற பாடத் திட்ட வடிவம் எது என்று தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். சரியாக அமைய ஒன்றரை வருடம் பிடித்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் காலம் கொஞ்சம் குறைந்தால் நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் எழுதிய வடிவத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் அடித்தளம் ஹெர்பார்ட் என்ற ஜெர்மன் சிந்தனையாளருடையது. 1776இல் பிறந்து 1841இல் இறந்தவர். அவருக்குப் பின் வந்த ஜில்லர், ரைன் போன்றவர்கள் அவருடைய கருத்தை ஆயத்தம், எடுத்துரைத்தல், தொடர்புபடுத்தல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல் என்று ஐந்து படிகளாக வகுத்தார்கள். புதிய செய்தியைப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு இணைத்துத்தான் தர வேண்டும் என்பது அதன் உயிர். இன்றும் அது சரிதான். பாடத்தை இண்டு இடுக்கு விடாமல் யோசிக்க வைக்கிற நல்ல பயிற்சி அது. பயிற்சிக் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு பாடம், இரண்டு பாடம் எடுக்கிறவருக்கு அது பொருந்தும். வாரத்துக்கு இருபத்தெட்டு பீரியட் இருக்கிறவருக்குப் பொருந்தாது. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் அறிவியல், அதோடு ஆறாம் வகுப்புக்குக் கணக்கும் எனக்கு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம் எழுதினால் தூங்க முடியாது.

பள்ளியில் கேட்ட வடிவம் வேறு. திங்கள்கிழமை காலையில் தலைமை ஆசிரியர் மேஜையில் நோட்டு இருக்க வேண்டும். படைப்பாற்றல் கல்வி முறையில் வந்த தலைப்புகள்தான் அதில் இருக்கும். அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வழங்குதல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி. இந்த வரிசையை நன்றாக யோசித்துத்தான் அமைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தாங்களே படித்து, தாங்களே படம் போட்டு, குழுவில் பேசி, பிறகுதான் ஆசிரியர் வலுவூட்டுகிறார். ஆனால் வாரத்துக்கு ஒரு முறை, ஒரு பக்கத்துக்குள், எல்லாப் பாடத்துக்கும் அதே பத்துத் தலைப்பின் கீழ் எழுதும்போது கை தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. "குறைதீர் கற்றல்: மெல்லக் கற்போருக்கு மீண்டும் விளக்குதல்" என்ற வரியை நான் எத்தனை வாரம் அப்படியே எழுதினேன் என்று எண்ணினால் வருத்தமாக இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு, எதை, எப்படி மீண்டும் விளக்கப் போகிறேன் என்பது அந்த வரியில் இல்லை.

மூன்றாவதாக ஒரு பயிற்சியில் ஐந்து படி மாதிரி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்குதல், விரிவுபடுத்தல், மதிப்பிடுதல். அமெரிக்காவில் ராட்ஜர் பைபீயும் அவருடைய குழுவும் 1980களில் அறிவியல் பாடத்துக்கென்றே உருவாக்கியது. எனக்கு மிகவும் பிடித்துப்போய், திரும்பி வந்த வாரமே நாற்பது நிமிடத்துக்குள் ஐந்து படியையும் எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் அளவுசாடியில் கல்லைப் போட்டு நீர் மட்டம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. விளக்குதல் என்ற மூன்றாம் படியை நான் தொடவேயில்லை. ஒரு பீரியடுக்குள் அடைப்பதற்கு அது ஏற்பட்டதில்லை என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். ஒரு முழு அலகை இரண்டு மூன்று வாரத்துக்குப் பரப்பி, ஒவ்வொரு படிக்கும் ஒன்றோ அதற்கு மேலோ வகுப்புகள் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். இப்போது அலகைத் திட்டமிட அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு நாள் பாடத்துக்குப் பயன்படுத்துவதில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது நிமிடம் என்பது நாற்பது நிமிடம் கிடையாது. ஒரு வாரம் கடிகாரத்தை மேஜையில் வைத்துக் குறித்துப் பார்த்தேன். வருகைப் பதிவு, போன வகுப்பின் கரும்பலகையை அழிப்பது, நோட்டு கொண்டுவராதவர்கள், சத்துணவுக் கணக்கு கேட்டு வருகிறவர், எல்லாம் போக எனக்குக் கிடைத்தது முப்பது நிமிடம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற பீரியடில் அதிலும் குறைவு. கரும்பலகையில் ஆறு வரி எழுதினால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி முடிக்க எட்டு நிமிடம் ஆகிறது. நீங்கள் எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் உங்கள் வகுப்பில் உண்மையில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவிடுங்கள். அதற்குப் பிறகு எழுதுகிற திட்டம் தானாகவே சின்னதாகிவிடும்.

எனக்குப் பெரிய திருப்பம் கிடைத்தது பின்னாலிருந்து திட்டமிடும் முறையில். விக்கின்ஸ், மெக்டை என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1990களின் இறுதியில் பரப்பிய முறை. பிள்ளை கடைசியில் எதைச் செய்ய முடிய வேண்டும், முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது, இந்த இரண்டையும் முடிவு செய்த பிறகே என்ன நடத்துவது என்று யோசிக்கச் சொல்கிறார்கள். அவர்கள் தருகிற படிவம் நீளமானது. நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பீரியடின் கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்கப்போகிற ஒரே ஒரு கேள்வியை முதலில் எழுதுவேன்.

அடர்த்திப் பாடத்துக்கு நான் எழுதிய கேள்வி இது. "அ, ஆ என்று இரண்டு கட்டிகள். இரண்டின் நிறையும் 40 கிராம். அ-வின் பருமன் 50 கன சென்டிமீட்டர், ஆ-வின் பருமன் 20 கன சென்டிமீட்டர். எது தண்ணீரில் மிதக்கும்? ஏன்?" நிறையைப் பருமனால் வகுத்தால் அ-வின் அடர்த்தி 0.8, ஆ-வின் அடர்த்தி 2. தண்ணீரின் அடர்த்தி 1. ஆகவே அ மிதக்கும். வேண்டுமென்றே நிறையைச் சமமாக வைத்தேன். கனமான பொருள் மூழ்கும் என்று மட்டும் நினைக்கிற பிள்ளை இங்கே திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கேள்வியை எழுதிய பிறகு நோக்கம் எழுதுவதும் எளிதாகிவிட்டது. "அடர்த்தி பற்றி அறிவர், புரிந்துகொள்வர்" என்று முன்பு எழுதுவேன். அறிந்தார்களா என்று எதை வைத்துப் பார்ப்பது? இப்போது "நிறையும் பருமனும் கொடுத்தால் அடர்த்தியைக் கணக்கிட்டு, மிதக்குமா மூழ்குமா என்று காரணத்தோடு சொல்வர்" என்று எழுதுகிறேன். கற்றல் நோக்கங்களைப் படிப்படியாக வகைப்படுத்தும், 1956இல் வந்த புளூமின் வகைப்பாட்டையும் 2001இல் வந்த அதன் திருத்தத்தையும் பி.எட். தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். ஒவ்வொரு படிக்கும் ஏற்ற நோக்கத்தை எழுதுவதற்கான வினைச்சொற்களின் பயன் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்புறம் கேள்விகள். முன்பெல்லாம் "மாணவர்களிடம் வினாக்கள் கேட்டல்" என்று எழுதிவிட்டு, வகுப்பில் நின்று யோசித்துக் கேட்பேன். அவசரத்தில் வாயில் வருகிற கேள்வி பெரும்பாலும் ஆமாம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். இப்போது ஒரு பாடத்துக்கு மூன்றே மூன்று கேள்விகள், முழு வாக்கியமாக, நான் வகுப்பில் பேசப்போகிற தமிழிலேயே எழுதிக்கொள்கிறேன். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் நிறைய மாற்றியது. பருமன் என்று புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பருமன் என்றால் குண்டாக இருப்பது. "இந்தக் கல்லின் பருமன் என்ன?" என்று கேட்டபோது பின்பெஞ்சில் சிரித்தார்கள். "இந்தக் கல்லு எவ்வளவு இடத்தை அடைச்சுக்குது? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று எழுதி வைத்துக் கேட்டபோது கைகள் உயர்ந்தன. பதில் வந்த பிறகு, "இதுக்குத்தான் புத்தகத்துல பருமன்னு பேரு" என்று சொன்னால் போதும். கலைச்சொல் கடைசியில் வந்தால் போதும், பொருள் முன்னால் வர வேண்டும் என்பது என் கட்சி.

அந்த மூன்று கேள்விகளுக்கும் பக்கத்தில்தான், பழைய மாணவர் செயல்பாட்டுக் கட்டம் இருந்த இடத்தில், "பிள்ளைகள் சொல்லக்கூடியது" என்று தலைப்பு மாற்றினேன். ஒவ்வொரு கேள்விக்கும் வரக்கூடிய தப்பான பதில் இரண்டு, அது வந்தால் நான் என்ன காட்டுவேன் அல்லது என்ன கேட்பேன் என்று எழுதினேன். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடிப் பாட ஆய்வு நடத்தும்போது எழுதுகிற திட்டங்களில் இதே மாதிரி, எதிர்பார்க்கும் மாணவர் பதில்களுக்கென்று தனி இடம் இருக்கிறது என்று பிறகு படித்தேன். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய தைரியம் வந்தது.

அடுத்த வருடம் பள்ளிகள் மூடிக் கிடந்தன. மறுபடி நேரில் அடர்த்தியை நடத்த வாய்த்தபோது அந்தக் கட்டத்தில், "எண்ணெய் கெட்டி, அதனால் அடர்த்தி அதிகம்" என்று முதல் வரியாக எழுதியிருந்தேன். இந்த முறை விளக்கெண்ணெயோடு கருப்பட்டிப் பாகும் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் கருப்பட்டி இல்லாத வீடு குறைவு. எதிர்பார்த்தபடியே ஒரு பிள்ளை எண்ணெய் அடியில் போகும் என்றது. "சரி, இந்தப் பாகும் கெட்டியாத்தானே இருக்கு, இது?" என்றேன். அதுவும் அடியில் போகும் என்றார்கள். ஊற்றினேன். பாகு இறங்கி அடியில் படிந்தது, எண்ணெய் மேலே நின்றது. வகுப்பு அமைதியாகிவிட்டது. "ரெண்டும் கெட்டிதான். ஒண்ணு மிதக்குது, ஒண்ணு மூழ்குது. அப்போ கெட்டியா இருக்கிறது காரணமா?" இரண்டாவது கேள்வி அதுதான். பிறகு சின்ன டிஜிட்டல் தராசில் ஒரே அளவு, 50 மில்லி, ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தோம். தண்ணீர் 50 கிராம், விளக்கெண்ணெய் 48, பாகு அறுபதுக்கு மேல். ஒரே இடத்தை அடைத்துக்கொள்கிற பொருள்களில் எதற்கு நிறை அதிகம் என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள். பாதரசம் தண்ணீர் மாதிரி உருண்டோடும், ஆனால் தண்ணீரைப்போல 13.6 மடங்கு அடர்த்தி என்று சொன்னபோது ஒரு பெண் பிள்ளை, "அப்ப கெட்டி வேற, அடர்த்தி வேற" என்றாள். அதை அவள் சொன்ன வார்த்தையிலேயே கரும்பலகையில் எழுதினேன்.

கடைசிக் கேள்விக்கு அன்றைக்கும் எல்லாரும் சரியாக எழுதவில்லை. ஆனால் தப்பாக எழுதியவர்களில் பலர் வகுத்தலில் தடுமாறியவர்கள். 40ஐ 50ஆல் வகுக்கத் தெரியவில்லை. அது வேறு பிரச்சினை, அதற்குச் செய்ய வேண்டியதும் வேறு. அந்த வாரம் குறைதீர் கற்றல் என்ற இடத்தில் முதல் முறையாக உண்மையாக ஒரு வரி எழுதினேன். ஆறு பிள்ளைகளோடு புதன்கிழமை காலை இருபது நிமிடம் தசம வகுத்தல்.

இப்போது என் தாள் ஒரே பக்கம்தான். மேலே அன்றைய நோக்கம், அதன் கீழே கடைசிக் கேள்வி. நடுவில் மூன்று கேள்விகளும் பிள்ளைகள் சொல்லக்கூடியதும். ஓரத்தில் கரும்பலகைக்கு ஒரு சின்னச் சதுரம். பீரியட் முடியும்போது பலகையில் என்ன நிற்க வேண்டும், எது இடது பக்கம் அழிக்காமல் இருக்க வேண்டும் என்று அதில் வரைந்துகொள்வேன். நேரம் போதாவிட்டால் எதை விடுவது என்றும் ஒரு வரி உண்டு. அந்த வரி இல்லாத நாட்களில் நான் எப்போதும் கடைசிக் கேள்வியைத்தான் பலி கொடுத்திருக்கிறேன், அதாவது எதை விடவே கூடாதோ அதை. பக்கத்தின் கீழ்க்கால் பகுதியை வெறுமையாக விடுவேன். "நடந்தது" என்று மட்டும் தலைப்பு. அதை அன்றைக்கே, முடிந்தால் அடுத்த பீரியட் தொடங்குவதற்குள் இரண்டு வரியில் எழுதிவிடுவேன். வீட்டுக்குப் போய் எழுதினால் "பாடம் நன்றாக நடந்தது" என்றுதான் எழுத வரும். பிள்ளை சொன்ன சொல் மறந்துபோயிருக்கும்.

எல்லாப் பீரியடுக்கும் இப்படி எழுதுவதில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாடத்துக்கு முழுத் தாள். புதிய கருத்து, சோதனை, பிள்ளைகள் தடுமாறக்கூடிய இடம் எதுவோ அதற்கு. மற்றவற்றுக்குக் கடைசிக் கேள்வியும் மூன்று வரியும் போதும். முதல் வருடத்தில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும். எல்லாவற்றையும் முழுமையாக எழுத வேண்டும் என்ற பயத்தில் எதையும் யோசித்து எழுதாமல் போவதுதான் புதியவர்களுக்கு நடக்கிறது.

பள்ளி கேட்கிற வடிவத்தை என்ன செய்வது? இது பலருக்கும் உள்ள கவலை. நான் தலைமை ஆசிரியரிடம் நேராகவே போய்க் கேட்டேன். "சார், நோட்ஸ் ஆஃப் லெசனை நீங்க சொல்ற மாதிரியே வலது பக்கம் எழுதுறேன். இடது பக்கம் எனக்காக ஒண்ணு எழுதிக்கட்டுமா?" அவர் என் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நடந்ததுன்னு போட்டிருக்கீங்களே டீச்சர், பாடம் சரியா போகலைன்னாலும் எழுதுவீங்களா?" என்றார். எழுதுவேன் என்றேன். "அப்ப எழுதுங்க. நான் அதைத்தான் முதல்ல படிப்பேன்" என்றார். எல்லாப் பள்ளியிலும் இப்படி ஒருவர் அமையமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அமையாத இடத்தில் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு எழுதுவதும் வகுப்புக்கு எழுதுவதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் இடது பக்கத்தை முதலில் எழுதுங்கள். அதை எழுதிவிட்டால் வலது பக்கம் பத்து நிமிடத்தில் தானாக நிரம்பிவிடும். திருப்பிச் செய்தால் இடது பக்கம் எழுதக் கை வராது.

இன்னொருவருடைய தாளை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. போன வருடம் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வந்த ஒரு பி.எட். மாணவி என் தாளின் நகலைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அவருடைய நோட்டைப் பார்த்தேன். கரும்பலகைச் சதுரத்தை எடுத்துவிட்டிருந்தார். அவருக்குப் பலகையில் எழுதுவது இயல்பாக வருகிறது, திட்டம் தேவைப்படவில்லை. அந்த இடத்தில், "இன்று குரல் கேட்காத மூன்று பேர்" என்று எழுதி, தினமும் மூன்று பெயர்களைக் குறித்திருந்தார். மறுநாள் முதல் கேள்வி அந்த மூவருக்கும் போகும். பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு பையனின் பெயர் நான்கு நாள் தொடர்ந்து வந்திருந்தது. அவன் என் வகுப்பிலும் இருந்தவன்தான். என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், ஜூனிலிருந்து ஒரு இடத்திலும் அவன் பெயர் இல்லை.

இப்போது என் தாளிலும் அந்த வரி இருக்கிறது.